ஏரிப்பக்கம் இறங்கும் பாதை

அந்தத் திங்கட்கிழமை முழுக்கத் தூங்கிவிட வேண்டும் என்றுதான் அனுசூயா நினைத்திருந்தாள். அக்டோபர் மாதத்து நன்றி நவிலும் நாள் விடுமுறை. குழந்தைகள் மருத்துவமனையில் பயிற்சி மருத்துவருக்கு விடுமுறை நாளும் வேலை இல்லாத நாளும் ஒன்றாக வருவது அபூர்வம். ஆனால் முதல் நாள் மாலை உஷா தொலைபேசியில் கூப்பிட்டு, "மலைக்குப் போறோம். புளியோதரை கிளறியாச்சு. நீ வரலேன்னா எல்லாம் வீணாத்தான் போகும்" என்றாள். உஷாவின் புளியோதரைக்கு மறுப்புச் சொல்லும் வழக்கம் அனுசூயாவுக்கு இல்லை.

உஷாவின் கணவர் மணிவாசகம் கிண்டியில் அனுசூயாவின் அண்ணனோடு ஒன்றாகப் பொறியியல் படித்தவர். இங்கே அணைக்கட்டு வடிவமைக்கும் ஒரு நிறுவனத்தில் வேலை. மூன்று வருடங்களுக்கு முன், 1969இல், அவள் மாண்ட்ரியாலில் வந்து இறங்கிய நாளிலிருந்து அவளைத் தங்கையாகவே நடத்தி வந்தார். அலுவலக நண்பர்கள் பழக்கிவிட்டதில் அவருக்கு மலைப்பைத்தியம் பிடித்திருந்தது. கார்ட்டியர்வில்லில் அவர் வீட்டுக்குப் போனால் சாப்பாட்டு மேசையில் மலை வரைபடத்தை ஒதுக்கிவிட்டுத்தான் தட்டு வைக்க முடியும்.

காலையில் கார் வந்து நின்றது. பின்சீட்டில் கண்ணாடி போட்ட, மெலிந்த, முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் உட்கார்ந்திருந்தார். முன்சீட்டிலிருந்து உஷா திரும்பி, "இவர் குமரகுரு. விருதுநகர். யுனிவர்சிட்டில மெட்டலர்ஜி ஆராய்ச்சி பண்றார். ரொம்ப நல்ல மாதிரி" என்றாள்.

அந்த 'ரொம்ப நல்ல மாதிரி'யிலேயே அனுசூயாவுக்கு விஷயம் விளங்கிவிட்டது. உலோகவியல் படித்த ஒருவரை அப்படி அறிமுகப்படுத்த வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. கதவைத் திறந்த கையோடு மறுபடி சாத்திவிட்டு மாடிக்குப் போய்விடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். அதற்குள் குமரகுரு தன் பக்கத்திலிருந்த துணிப்பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு நன்றாக ஒதுங்கி இடம் விட்டார். அவர் முகத்திலும் தர்மசங்கடம்தான் தெரிந்தது. அவள் ஏறி உட்கார்ந்தாள்.

லோரன்ஷியன் மலைகளை நோக்கி வடக்கே போகும் நெடுஞ்சாலையில் மணிவாசகம் மட்டும் பேசிக்கொண்டே வந்தார். "போன வழியிலயே திரும்பி வர்றதெல்லாம் ஒரு மலை நடையா? இது வட்டப் பாதை. கிழக்குப் பக்கமா ஏறி உச்சிக்குப் போறோம். அந்தப் பக்கம் கொஞ்சம் இறங்கினா ஒரு குடிசை இருக்கு. ஸ்கீ கிளப்காரங்க கட்டினது. அங்க சாப்பாடு. அப்புறம் ஏரிப்பக்கமா இறங்கி, காரை விட்ட இடத்துக்கே வந்து சேர்றோம். ஒரே இடத்தை ரெண்டு தடவை பாக்க வேண்டியதில்லை."

"கால் வலிச்சா?" என்றாள் உஷா.

"வலிக்காது" என்றார் அவர்.

ஊர்க்காரர்கள் அந்த மலையை மொட்டைத் தலை என்று பொருள்படும் ஒரு பிரெஞ்சுப் பெயரால் அழைத்தார்கள். பாதி மலைவரை மேப்பிள் மரங்கள். இலைகள் பெரும்பாலும் கொட்டிவிட்டிருந்தன. சிவப்பும் மஞ்சளுமாகக் கணுக்கால் ஆழத்துக்குக் கிடந்த அவற்றுக்குள் காலை இழுத்து இழுத்து நடக்க வேண்டியிருந்தது. அனுசூயா முதல் தடவையாகக் கால்சட்டை போட்டிருந்தாள். மூச்சு வாங்கியபோது நின்றாள். நிற்கும்போதெல்லாம் சற்றுப் பின்னால் குமரகுருவும் நின்றார். பேச்சுக் கொடுக்கவில்லை. ஒரு தடவை மட்டும் துணிப்பையிலிருந்து ஆப்பிள் ஒன்றை எடுத்து நீட்டி, "ஜான்-டலோன் சந்தையில வாங்கினேன். கழுவினதுதான்" என்றார்.

மேலே போகப் போக மேப்பிள் தீர்ந்து, ஊசியிலை மரங்கள் குட்டையாகிக்கொண்டே வந்து, கடைசியில் வெறும் பாறை. உச்சியில் காற்று முகத்தில் அறைந்தது. எட்டுத் திசையிலும் மலைகள் அலை அலையாகக் கிடந்தன; நடுநடுவே பெயர் தெரியாத ஏரிகள். உப்புத் தூவியதுபோல் அந்த வருடத்தின் முதல் பனி சில பொடிகள் விழுந்து, கோட்டின் மேல் பட்டதும் காணாமல் போயின. வார்டு, மருந்து வாடை, குழந்தைகளின் அழுகை எல்லாம் எங்கோ தெற்கே அந்த அடிவானத்துக்குக் கீழே இருப்பதை நினைக்க அனுசூயாவுக்கு ஆச்சரியமாக இருந்தது. வந்தது நல்லதாகப் போயிற்று என்று முதல் தடவையாக அப்போதுதான் தோன்றியது.

குடிசை உச்சிக்குக் கொஞ்சம் கீழே, காற்றுப் படாத ஒரு மடிப்பில் இருந்தது. உருட்டு மரங்களை அடுக்கிக் கட்டியது. உள்ளே இரும்பு அடுப்பு கனன்றுகொண்டிருந்தது. பார்த்துக்கொள்பவள் மதாம் ஜானின். அகன்ற தோள்களும் ஆண்களுடைய காலணியுமாக இருந்த அறுபது வயதுக்காரி. வந்தவர்களுக்குப் பட்டாணி சூப்பைக் கிண்ணத்தில் ஊற்றப் போனவளிடம் அனுசூயா பிரெஞ்சில் விசாரித்தாள். சூப்பில் பன்றி இறைச்சி இருந்தது.

"இறைச்சியே சாப்பிட மாட்டீர்களா? நாலு பேருமா?" என்றாள் மதாம். எங்கோ ஒரு பெரிய துக்கம் நடந்துவிட்டதைக் கேட்டவள்போல் தலையை ஆட்டிவிட்டு ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தேநீரும் கொண்டுவந்து வைத்தாள். உஷா எவர்சில்வர் டப்பாவைத் திறந்து அவளுக்கும் ஒரு கிண்ணம் புளியோதரை கொடுத்தாள். மதாம் நிலக்கடலையை முதலில் பொறுக்கித் தின்றாள். பிறகு சோற்றை ருசி பார்த்து, கண்ணில் நீர் வர இருமி, இன்னும் கொஞ்சம் கேட்டாள். அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு சர்க்கரைப் பை ஆறிக்கொண்டிருந்தது. அந்த ஊர்க்காரர்கள் சர்க்கரையையும் பாலேட்டையும் மாவு ஓட்டுக்குள் ஊற்றிச் சுடும் பலகாரம். மணிவாசகத்தின் கண் அதிலேயே இருந்தது.

"விறகு கொஞ்சம் எடுத்துட்டு வரேன், அந்தம்மாவுக்கு உதவியா இருக்கும்" என்று அவர் வெளியே போனார். கொஞ்ச நேரத்தில் "ஐயோ!" என்று ஒரு சத்தம்.

கொல்லைப்புறத்தில் விறகடுக்கின் மேல் சாய்ந்து வலது காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். கால் பிசகிவிட்டதாம். குமரகுரு தோள் கொடுத்து உள்ளே கூட்டிவந்தார். உஷா வெளிறிப் போனாள். அனுசூயா தரையில் உட்கார்ந்து காலுறையைக் கழற்றிப் பார்த்தாள்.

வீக்கம் இல்லை. சூடும் இல்லை. கணுக்காலின் வெளிப்பக்கத்தை மெல்ல அழுத்தினாள். "அம்மா!" என்றார்.

"எப்படிண்ணே விழுந்தீங்க?"

"ஒரு கட்டை இருந்தது பாரு, அது உருண்டுடுச்சு. நான் இந்தப் பக்கமா..." அவர் கையை ஆட்டி விவரித்துக்கொண்டிருக்கையில் அதே இடத்தை இன்னும் பலமாக அழுத்தினாள். அவர் கதையை நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனார்.

அனுசூயா தலையைக் குனிந்துகொண்டாள். சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தன.

மணிவாசகம் பெருமூச்சோடு திட்டத்தை வெளியிட்டார். ஊரிலிருந்து மரம் ஏற்றும் லாரி போகும் மண் சாலை ஒன்று குடிசைக்குக் கிட்டவரை வருகிறது. யாராவது இறங்கிப் போய்க் காரை அந்தச் சாலை வழியாக மேலே கொண்டுவந்தால் போதும். "உஷாவுக்கு ஓட்டத் தெரியாது. குமரகுரு லைசென்ஸே எடுக்கலை. அனு, நீதான் போகணும். ஆனா உன்னைத் தனியா எப்படி அனுப்பறது? குமரகுரு துணைக்கு வரட்டும். ஏரிப்பக்கம் நல்ல பாதை."

எல்லாம் கச்சிதமாக இருந்தது. மறுத்து உண்மையைப் போட்டு உடைத்தால் உஷாவுக்கு அவமானம், குமரகுருவுக்கும் அவமானம். அதோடு, அந்த ஏரியை உச்சியிலிருந்து பார்த்ததிலிருந்து அதன் கரையில் நடக்க அவளுக்கும் ஆசையாகத்தான் இருந்தது.

"சரிண்ணே. ஆனா இது லேசான பிசகு இல்லை" என்றாள் அனுசூயா. "அசையாம வைக்கணும்."

மதாமிடம் மெல்லிய விறகுச் சிராய்கள் இரண்டு வாங்கி, உஷாவின் கழுத்துத் துணியால் முழங்கால்வரை இறுகக் கட்டினாள். காலை ஒரு நாற்காலி மேல் தூக்கி வைத்தாள். "நான் வர்ற வரைக்கும் காலைக் கீழ வைக்கக் கூடாது. டீ, காப்பி வேண்டாம். இனிப்பு கூடவே கூடாது, வீக்கம் ஏறும்."

"இனிப்புக்கும் காலுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"டாக்டர் நானா, நீங்களா?"

பிறகு மதாமிடம் பிரெஞ்சில், "அவருக்கு ஒன்றுமில்லை. ஆனால் எழுந்திருக்க விடாதீர்கள்" என்றாள். மணிவாசகத்தின் பிரெஞ்சு போன்ஜூரோடும் மெர்சியோடும் நின்றுபோயிருந்தது. மதாம் காரணம் கேட்கவில்லை. தன் நாற்காலியை இழுத்து அவருக்கும் சர்க்கரைப் பைக்கும் நடுவில் போட்டு உட்கார்ந்து, பின்னல் ஊசிகளை எடுத்தாள்.

பாதை வளைந்து குடிசை மறைந்ததும் அனுசூயா நின்றாள்.

"மிஸ்டர் குமரகுரு, அவருக்குக் கால்ல ஒண்ணும் இல்லை."

அவர் ஒரு கணம் புரியாமல் பார்த்தார். பிறகு காது மடல்கள் சிவந்தன. "எனக்குத் தெரியாதுங்க. சத்தியமா. மலைக்குப் போறோம்னுதான் சொன்னார். உங்களைக் கார்ல பாத்தப்பதான்... இறங்கிடலாமான்னு நெனச்சேன்."

"நானும் ஏறாம போயிடலாமான்னுதான் நெனச்சேன்."

"அப்ப அந்தக் கட்டு?"

"தண்டனை."

அவர் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைக்கும் அளவுக்குச் சிரித்தார். அதற்குப் பிறகு நடப்பது சுலபமாக இருந்தது. பாதை ஒரு ஓடையை ஒட்டி இறங்கியது. பேச வேண்டிய கட்டாயம் இல்லாததால் பேச்சு தானாக வந்தது. தனக்கு அடுத்த வருடம் பரீட்சை இருப்பதையும், கல்யாணத்தைப் பற்றி இப்போது யோசிக்கவே இல்லை என்பதையும் அவள் சொன்னாள். அவர் தலையாட்டினார்.

"நான் ஒண்ணு சொல்லிடறேங்க. மணி சார் உங்ககிட்ட சொல்லியிருக்க மாட்டார். எனக்குக் கல்யாணம் ஆகி, மனைவி இறந்து நாலு வருஷம் ஆச்சு. சின்ன வயசுலேயே இதய வால்வுல கோளாறு. ஒரு பொண்ணு இருக்கா. பூங்கோதை. ஆறு வயசு. திண்டுக்கல்ல என் தங்கை வீட்ல வளர்றா."

வால்வுக் கோளாறைப் பற்றி அனுசூயா கேட்டிருக்கக்கூடிய கேள்விகள் பல. ஒன்றையும் கேட்கவில்லை.

"போன வருஷம் லீவுல போனேன். தங்கச்சி பசங்க என்னை மாமான்னு கூப்பிடுவாங்க இல்லையா, அவளும் மாமான்னே கூப்பிட்டா. தங்கச்சி திருத்தினா. ரெண்டு நாள் எந்தப் பேரும் சொல்லாம பேசினா. அப்புறம் மறுபடி மாமா."

"ஏன் இங்க கூட்டிட்டு வரலை?"

"பார்க் எக்ஸ்டென்ஷன்ல ஒரே ஒரு ரூம்ல இருக்கேன். ஆராய்ச்சிக்கூடத்துல நேரங்காலம் கிடையாது. கல்யாணம் பண்ணிக்கிட்டுக் கூட்டிட்டுப் போன்னு எல்லாரும் சொல்றாங்க. குழந்தையைப் பாத்துக்க ஆள் வேணும்ங்கறதுக்காக ஒரு பொண்ணைக் கட்டிக்கிறது எனக்குச் சரியா படலை. அந்தப் பொண்ணுக்கு அது அநியாயம்."

"அதுக்கு, குழந்தையை அப்படியே விட்டுடறதா?" அவள் குரல் தன்னையறியாமல் உயர்ந்துவிட்டது. "அது மட்டும் நியாயமா?"

அவர் பதில் சொல்வதற்குள் பாதை முடிந்துபோனது.

உண்மையாகவே முடிந்திருந்தது. ஏரிக்கரையை ஒட்டிப் போக வேண்டிய பாதை தண்ணீருக்குள் இறங்கி மறைந்தது. பீவர்களின் வேலை. மரத்தைப் பல்லால் அறுத்து, கிளையும் சேறுமாக அடுக்கி ஓடைக்குக் குறுக்கே அணை கட்டும் பிராணிகள் அவை. அணைக்கு மேல்பக்கம் தண்ணீர் பெருகி, செத்த மரங்கள் சாம்பல் நிறத்தில் அதற்குள் நின்றன. எதிர்க்கரையில் பாதை மறுபடி ஏறிப் போவது தெரிந்தது.

"திரும்பி ஏறினா குடிசைக்குப் போறதுக்குள்ள இருட்டத் தொடங்கிடும்" என்றாள் அனுசூயா.

குமரகுரு அணையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மணி சார் கட்டறதை விட இது நல்லாத்தான் இருக்கு. முதல்ல நான் போறேன். தாங்கினா நீங்க வாங்க."

நீளமான கம்பு ஒன்றை ஊன்றி, பக்கவாட்டில் அடி வைத்து நகர்ந்தார். ஒரு பக்கம் ஆழமான கருந்தண்ணீர், மறுபக்கம் சேறு. பாதி தூரம் சரியாகப் போனது. பிறகு திடீரென்று அவர் குள்ளமானார். வலது கால் கிளைகளுக்கு நடுவே தொடைவரை இறங்கிவிட்டது.

"அசையாதீங்க!" அனுசூயா வந்துவிட்டாள். எப்படி வந்தாள் என்று பிறகு அவளுக்கே நினைவில்லை. இழுத்தால் உள்ளேயிருக்கும் கிளைகள் இன்னும் இறுக்கும் என்று தோன்றியது. குப்புறப் படுத்து, கையைச் சில்லென்ற சேற்றுக்குள் விட்டு, அவர் பாதத்தைத் தேடினாள். காலணி இரண்டு கட்டைகளுக்கு நடுவே சிக்கியிருந்தது. முடிச்சை அவிழ்க்க வெகு நேரம் ஆயிற்று. விரல்கள் மரத்துப் போயின. "இப்ப மெதுவா, மேல் பக்கமா." கால் வந்தது. காலணி வரவில்லை.

எதிர்க்கரைக்குப் போய்ச் சேர்ந்து பாறை மேல் உட்கார்ந்தபோது இருவரும் முழங்கைவரை சேறு. காலணி போனதற்கோ, வலிக்கோ, மணிவாசகத்தையோ மலையையோ அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. நனைந்த காலுறையைப் பிழிந்துகொண்டே, "நீங்க கேட்டதுக்கு நான் இன்னும் பதில் சொல்லலை" என்றார். அதற்குள் அவள் ரொட்டி கட்டிவந்த பிளாஸ்டிக் பையை எடுத்திருந்தாள். தன் கம்பளிக் கழுத்துத் துணியை அவர் பாதத்தில் சுற்றி, அதன்மேல் பையை மாட்டிக் கணுக்காலில் முடிந்தாள்.

"அது நியாயமில்லைதான்" என்றார் அவர். "பயம். ராத்திரி அவளுக்குக் காய்ச்சல் வந்தா என்ன செய்வேன்னு நெனச்சாலே பயம்."

"என் வார்டுல பாதிக் குழந்தைகளோட அப்பாங்க அப்படித்தான் வர்றாங்க. நடுங்கிக்கிட்டே. ஆனா வர்றாங்க இல்லையா? இங்க ஸ்கூல் இருக்கு, பகல்ல விட்டுட்டுப் போக கார்டெரி இருக்கு. காய்ச்சல்னா எனக்குப் போன் பண்ணுங்க. கல்யாணத்தைப் பத்தி அப்புறம் யாரோடயாவது யோசிங்க. குழந்தையை முதல்ல கூட்டிட்டு வாங்க."

ஏரி அசையாமல் கிடந்தது. தூரத்தில் ஒரு பீவர் தலை மட்டும் தெரிய, தண்ணீரில் கோடு போட்டபடி நீந்திப் போனது. இரண்டு பேரும் அது போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் குமரகுரு, "வர்ற கோடைக்குள்ள" என்றார். அவளிடம் சொன்னதுபோல் இல்லை; தனக்கே சொல்லிக்கொண்டதுபோல் இருந்தது.

மிச்சப் பாதையை மெதுவாகத்தான் நடந்தார்கள். பிளாஸ்டிக் பை சலசலக்க அவர் நொண்டி நொண்டி வந்தார். காரை மண் சாலை வழியாக ஏற்றிக் குடிசைக்குக் கொண்டுபோய் நிறுத்தியபோது மரங்களின் உச்சியில் மட்டும் வெயில் மிச்சமிருந்தது. உள்ளே மணிவாசகம் நாற்காலி மேல் காலோடு, பரிதாபமாக உட்கார்ந்திருந்தார். உஷாவும் மதாமும் ஒரு வார்த்தைகூடப் பொது மொழி இல்லாமலே நெருங்கிய சிநேகிதிகள் ஆகியிருந்தார்கள். சர்க்கரைப் பையில் கால்வாசிதான் மிச்சம்.

"ஏன் இவ்வளவு நேரம்?" என்றவர், இருவரின் கோலத்தையும் பார்த்துத் திடுக்கிட்டார். "என்னாச்சு? ஷூ எங்க?"

"உங்க நல்ல பாதை தண்ணிக்குள்ள இருக்குண்ணே. இவர் கால் அணைக்குள்ள மாட்டிக்கிச்சு."

மணிவாசகத்தின் முகம் மாறியது. கட்டோடு எழுந்து நின்றுவிட்டார். "அடடா. ஏதாவது ஆகியிருந்தா? அனு, கட்டை அவிழ்த்து விடும்மா. எனக்குக் கால்ல ஒண்ணும் இல்லை. சும்மா சொன்னேன். நீங்க ரெண்டு பேரும் பேசணும்னு..."

உஷா எழுந்தாள். "என்ன? சும்மாவா? இவ்வளவு நேரம் உங்க காலைப் பிடிச்சு விட்டேனே!"

"எனக்குத் தெரியும்ணே" என்றாள் அனுசூயா, கட்டை அவிழ்த்துக்கொண்டே. அவர் வருத்தம் உண்மையாக இருந்ததால் கோபப்பட முடியவில்லை. "இனிமே எனக்கு யாரையாவது காட்டணும்னா நேரா கேளுங்க. வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லிக்கிறேன்."

திரும்பும் வழியில் உஷா கணவரோடு பேசவே இல்லை. கார் நகரத்தை நெருங்கும்போது பின்பக்கம் திரும்பி, அடக்க முடியாமல், "சரி, என்னதான் பேசினீங்க?" என்று கேட்டாள்.

"குழந்தையைப் பத்தி" என்றார் குமரகுரு. உஷா சட்டென்று முன்னால் திரும்பிக்கொண்டாள்.

கல்யாணப் பேச்சு அத்தோடு நின்றது. குமரகுரு இரண்டு அறை உள்ள ஒரு குடியிருப்புக்கு மாறினார். அடுத்த ஜூன் மாதம் இந்தியா போய் பூங்கோதையைக் கூட்டிவந்தார். முதல் குளிர்காலத்தில் அவளுக்குப் பல தடவை காய்ச்சல் வந்தது. ஒவ்வொரு தடவையும் அனுசூயாவின் தொலைபேசி மணி அடித்தது. தேவையில்லாத நாட்களிலும் அது அடிக்கத் தொடங்கியபோது அவள் குறை சொல்லவில்லை. பரீட்சையில் தேறினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மூவருமாக மலை ஏறினார்கள். கடைசியில் கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கேட்டது அவள்தான், ஒரு வசந்தத்தில், பேருந்து நிறுத்தத்தில், வெகு சாதாரணமாக. குமரகுருவுக்கு அன்று பேருந்தே தவறிப்போயிற்று.

1975இல் நீதிமன்றக் கட்டடத்தில் பதிவுத் திருமணம். மணிவாசகமும் உஷாவும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். தானும் போட வேண்டும் என்று பூங்கோதை பிரெஞ்சில் வாதாடினாள். ஒன்பது வயது சாட்சி செல்லாது என்று எழுத்தர் விளக்கினார். அவள் விடவில்லை. அவர் சிரித்துவிட்டு வெற்றுத் தாள் ஒன்றை எடுத்து அவள் முன்னால் வைத்தார். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு தமிழில் தன் முழுப் பெயரையும் எழுதினாள். அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இதை எப்படிப் படிப்பது என்று கேட்டார். அவள் எழுத்துக்கு எழுத்து விரல் வைத்து, அவருக்கு வரும்வரை சொல்லிக் கொடுத்தாள். அவ்வளவு நேரமும் அனுசூயாவும் குமரகுருவும் பக்கத்தில் கைகோத்தபடி காத்துக்கொண்டு நின்றார்கள்.